நரம்பறிவியலைப் படிப்பதும் கற்பிப்பதும்: சோமனூர் மாணவிக்கு ஒரு பதில்

சோமனூர் அருகே ஒரு கிராமத்தில் இருந்துகொண்டு கோவையில் விலங்கியல் இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. பத்தாம் வகுப்பில் நரம்பு மண்டலப் பாடம் நடந்த நாள் முதல் மூளையைப் பற்றிய படிப்பின்மேல் அவருக்கு ஆசை பிடித்துக்கொண்டது. மாலையில் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறார். மூளையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் தனக்கும் பிள்ளைகளுக்கும் நேரம் போவதே தெரிவதில்லை என்கிறார். விசைத்தறி ஓட்டும் தந்தையோ, பி.எட். முடித்து வேலைக்குப் போகும் வழியைப் பார்க்கச் சொல்கிறார். விலங்கியல் பட்டத்தோடு நரம்பறிவியலுக்குள் நுழைய முடியுமா, மாலை வகுப்பு தன் படிப்பைக் கெடுக்கிறதா, நுண்ணோக்கிகூட இல்லாத ஊர்த் திண்ணையில் இந்தப் பாடத்தை எப்படி நடத்துவது என்பவையே அவர் கேட்பவை.

கோவைக் கல்லூரி ஒன்றில் உடலியல் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். நுழைய முடியும். மாலை வகுப்பு படிப்பைக் கெடுக்காது, ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: பிள்ளைகளுக்குக் கண்ணால் காட்ட முடிந்ததை, அல்லது காரணம் சொல்லி நிறுவ முடிந்ததை மட்டுமே நடத்த வேண்டும். மூளையைப் பற்றி எதைச் சொன்னாலும் கேட்பவர் வாய் பிளந்து கேட்பார்கள். அதனாலேயே இந்தப் பாடத்தில் பிழை புகுவதும் எளிது. ஆகவே உங்கள் மூன்றாம் கேள்விக்கே இங்கு அதிக இடம் கொடுக்கிறேன். அதைச் சரியாகச் செய்பவருக்கு மற்ற இரண்டும் பெரிய தடையாக இருப்பதில்லை.

மாலை வகுப்பைப் பற்றி முதலில் ஒரு செய்தி. 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கே என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். மாணவர்கள் ஓர் உரைப்பகுதியை இரண்டு முறை படித்தார்கள். வேறொரு பகுதியை ஒரு முறை படித்துவிட்டு, தாளைப் பாராமல் நினைவில் இருந்ததை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு முறை படித்த பகுதியே நன்றாக நினைவில் இருந்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை மாறியது: எழுதிப் பார்த்த பகுதியில் 56 விழுக்காடும், இரண்டு முறை படித்த பகுதியில் 42 விழுக்காடுமே மிஞ்சியிருந்தன. படித்ததை நினைவிலிருந்து வெளியே எடுக்கும் முயற்சியே நினைவை உறுதிப்படுத்துகிறது என்பதற்கு இதுபோன்ற சான்றுகள் நிறைய உண்டு. பாடம் நடத்துவதும் அப்படி வெளியே எடுக்கும் வேலைதான். ஆனால் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு வரிவரியாக வாசித்து விளக்கினால் இந்தப் பயன் உங்களுக்குக் கிடைக்காது. புத்தகத்தை மூடிவைத்து, படத்தைக் கையால் வரைந்து நடத்துங்கள். நடுவில் எங்கே தடுமாறுகிறீர்களோ அங்கேதான் நீங்கள் அன்றிரவு படிக்க வேண்டியது இருக்கிறது. வாரத்தில் இரண்டு மாலைக்கு மேல் மூளைப் பாடத்துக்கு ஒதுக்க வேண்டாம். நினைவு படிவதற்குத் தூக்கமும் வேண்டும் என்பதை நீங்களே பிள்ளைகளுக்குச் சொல்லப் போகிறவர்.

இனித் திண்ணை வகுப்பு. முதல் பாடத்துக்கு ஒரு செய்தித்தாள் போதும். ஒரு பிள்ளையின் கையில் கொடுத்து, தாளை அசையாமல் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் இடமும் வலமுமாக வேகமாக ஆட்டியபடி வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்துவிடுவான். பிறகு தலையை அசைக்காமல், தாளை அதே வேகத்தில் ஆட்டிக்கொண்டு வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்தெல்லாம் கலங்கிவிடும். இரண்டிலும் கண்ணுக்கும் தாளுக்கும் இடையிலான அசைவு ஒன்றுதான், விளைவு மட்டும் ஏன் வேறு என்று கேட்டுவிட்டுச் சற்றுப் பேசாமல் இருங்கள். தலை திரும்பும்போது உட்செவியில் உள்ள அரைவட்டக் குழல்கள் அந்தத் திருப்பத்தை உணர்கின்றன. அங்கிருந்து மூன்றே நியூரான்கள், அதாவது நரம்பு செல்கள், கொண்ட ஒரு குறுக்குவழி கண் தசைகளைச் சென்றடைந்து, தலை வலப்புறம் போனால் கண்ணை இடப்புறம் அதே அளவுக்குத் திருப்பிவிடுகிறது. இது நடக்க ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு நேரமே ஆகிறது. தாள் அசையும்போது இந்த வழி உதவாது. விழித்திரையில் பிம்பம் நழுவுவதைக் கண்டு, அதைக் கணித்து, கண்ணைப் பின்தொடரச் செய்ய ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நொடி ஆகிவிடுகிறது. அதற்குள் தாள் திசை மாறிவிடுகிறது.

இந்தப் பாடம் எனக்குப் பிடித்ததற்குக் காரணம், அதற்குப் பின் வரும் கேள்விதான். எந்த வகுப்பிலும் ஒரு பிள்ளை எழுந்து, “ஏனுங் மிஸ், அப்புறம் பஸ்ஸுல படிச்சா மட்டும் ஏனுங் தலை கிறுகிறுங்குது?” என்று கேட்டுவிடும். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறியிருக்கும் பிள்ளையாக இருந்தால் கண்டிப்பாகக் கேட்கும். பேருந்து வளையும்போது உட்செவி அசைவைச் சொல்கிறது, புத்தகத்தைப் பார்க்கும் கண்ணோ எதுவும் அசையவில்லை என்கிறது, இந்த முரண்பாடுதான் கிறுகிறுப்புக்குக் காரணம் என்பது வரை உறுதியாகச் சொல்லலாம். அந்த முரண்பாடு ஏன் வாந்தியில் முடிய வேண்டும் என்பதற்கு அறிவியலாளர் எல்லோரும் ஏற்ற விடை இன்றுவரை இல்லை. நச்சு உண்டதால் புலன்கள் குழம்பியதாக மூளை எடுத்துக்கொண்டு வயிற்றைக் காலி செய்கிறது என்பது 1977இல் முன்வைக்கப்பட்ட ஒரு கருதுகோள்; அதைக் கருதுகோள் என்றே சொல்லிக் கொடுங்கள். ஒரு செய்தித்தாளை வைத்துக்கொண்டு அரைமணி நேரத்துக்குள் ஒரு துறையின் எல்லைவரை எட்டாம் வகுப்புப் பிள்ளையை அழைத்துப் போக முடிவது எல்லாப் பாடத்திலும் வாய்ப்பதில்லை.

அடுத்தது ஆட்டு மூளை. சைவக் குடும்பத்துப் பிள்ளைகள் இருந்தால் பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அவர்களுக்குப் படம் வரையும் பொறுப்பைக் கொடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் ஆட்டுத்தலையை நெற்றியிலிருந்து பின்னோக்கி நேர் நடுவாக இரண்டாகப் பிளந்து தரச் சொன்னால், மருத்துவக் கல்லூரி மாணவர்கள் காண்கிற அதே நடுவெட்டு முகம் உங்களுக்குக் கிடைத்துவிடும். புதிய மூளை தயிர்போலக் குழையும். உப்பு நீரில் லேசாக வேகவைத்தால் கெட்டிப்படும். பார்மலினைப் பிள்ளைகள் பக்கமே கொண்டுவர வேண்டாம். நடுவில் இரு அரைக்கோளங்களையும் இணைக்கும் வெண்மையான பட்டை, கார்ப்பஸ் கலோசம், வளைவாகத் தெரியும். அதன் கீழே, புலன் செய்திகளைப் பெருமூளைக்கு அனுப்பும் தலாமஸ். பின்னால் சிறுமூளையின் வெட்டு முகத்தில் வெள்ளை நரம்பிழைகள் கிளைவிட்டுப் பிரிவதைப் பார்க்கும் பிள்ளைகள், யாரும் சொல்லித் தராமலே அதை மரம் என்பார்கள். பழைய உடற்கூறியலாளர்களும் அதற்கு உயிர் மரம் என்றே இலத்தீனில் பெயர் வைத்தார்கள்.

அந்தச் சிறுமூளையில் நின்று ஒரு கணக்குச் சொல்லுங்கள். மனித மூளையில் பத்தாயிரம் கோடி நியூரான்கள் என்று பல பாடநூல்கள் நெடுங்காலமாக எழுதிவந்தன. பிரேசிலைச் சேர்ந்த சுசானா எர்குலானோ ஊசெல் அந்த எண்ணுக்கு ஆதாரம் தேடிப் போய், நேரடியாக எண்ணிய ஆய்வு எதுவும் கிடைக்காமல், தாமே ஒரு முறையைக் கண்டார். மூளைத் திசுவைக் கரைத்துக் குழம்பாக்கி, செல்களின் உட்கருக்களை மட்டும் மிதக்கவிட்டு, நன்றாகக் கலக்கிய ஒரு துளியில் எண்ணி, மொத்த அளவுக்குப் பெருக்குவதுதான் முறை. 2009இல் நான்கு ஆண்களின் மூளைகளில் எண்ணி வெளியிட்ட சராசரி 8,600 கோடி. அதில் ஏறக்குறைய 6,900 கோடி சிறுமூளையில் இருந்தன. நாம் சிந்தனைக்கு இருப்பிடம் என்று பெருமையாகச் சொல்லும் பெருமூளைப் புறணியில் 1,600 கோடிதான். எடையில் மூளையின் பத்தில் ஒரு பங்காக உள்ள சிறுமூளையில் ஐந்தில் நான்கு பங்கு நியூரான்கள். பாடநூலில் அச்சாகிவிட்ட எண்ணையும் எண்ணிப் பார்க்கலாம் என்ற துணிச்சல் பிள்ளைகளுக்கு வருவதற்கு இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியவில்லை.

ஆட்டு மூளையின் முன்முனையில் மோப்பக் குமிழ் இருக்கும். உடல் அளவோடு ஒப்பிட்டால் நம்முடையதைவிட மிகப் பெரியது. உங்கள் வகுப்பில் பட்டி வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை ஒருவராவது இருப்பார். ஈன்ற செம்மறி தன் குட்டியை மோந்து பார்த்தே பால் கொடுக்கும், அடுத்ததன் குட்டி மடிக்கு வந்தால் முட்டித் தள்ளும் என்பதை அவர் உங்களுக்குச் சொல்லுவார். இங்கிலாந்தில் 1980களில் தொடங்கிச் செம்மறிகளில் நடந்த ஆய்வுகள் இதன் உட்புறத்தைக் காட்டின: குட்டி வெளிவரும்போது கருவழி விரிவதால் எழும் நரம்புச் செய்திகள் மூளைக்குள் ஆக்சிடோசின் என்ற ஹார்மோனைச் சுரக்கச் செய்கின்றன, அந்த நேரத்தில் மோப்பக் குமிழின் இணைப்புகள் மாறி, ஓரிரு மணி நேரத்துக்குள் அந்த ஒரு குட்டியின் மணம் பதிந்துவிடுகிறது. ஆட்டுக்காரர் அறிந்ததும் ஆய்வாளர் கண்டதும் இப்படி ஒரே இடத்தில் சந்திக்கும் பாடங்கள் கொங்கு நாட்டில் தேடினால் இன்னும் கிடைக்கும்.

அவற்றில் கனமானது, நம் தோட்டங்களில் அடிக்கும் பூச்சி மருந்து. சினாப்ஸ் என்ற நரம்பிணைப்பைக் கரும்பலகையில் வரைந்து காட்டினால் பிள்ளைகள் தேர்வுக்கு மனப்பாடம் செய்வார்கள். மருந்து அடித்துவிட்டு வந்தவருக்கு எச்சில் ஒழுகி, கண்ணில் நீர் வடிந்து, கண் பாப்பா ஊசிமுனையாகச் சுருங்கி, சதைகள் துடித்து, மூச்சுத் திணறியதை வீட்டிலோ பக்கத்துத் தோட்டத்திலோ கண்ட பிள்ளைக்கு அதே சினாப்ஸ் வேறு விதமாகப் புரியும். தசையை இயக்கும் நரம்பின் முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளிப்பட்டு, இடைவெளியைக் கடந்து, தசையின் ஏற்பியில் அமர்ந்து அதைச் சுருங்கச் செய்கிறது. வேலை முடிந்த அசிட்டைல்கோலினை உடனே சிதைத்து இடத்தைக் காலி செய்ய ஒரு நொதி அங்கே காத்திருக்கிறது. அதன் ஒரு மூலக்கூறு ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான அசிட்டைல்கோலின் மூலக்கூறுகளை உடைக்கும். மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் அந்த நொதியின் வேலை செய்யும் இடத்தில் பாஸ்பேட்டாக ஒட்டிக்கொண்டு அதை முடக்கிவிடுகின்றன. செய்தி வந்துகொண்டே இருக்கிறது, அழிப்பவர் இல்லை. எச்சில் சுரப்பி சுரந்துகொண்டே இருக்கிறது. தசை முதலில் துடிக்கிறது, பிறகு ஓய்ந்துபோகிறது. மூச்சுத் தசைகளும் ஓய்ந்தால் உயிர் போகிறது. பூச்சிக்கும் நமக்கும் அதே நொதிதான் என்பதால் மருந்து இருவரையும் பார்த்துப் பிரித்தறியாது.

இங்கிருந்து மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே ஏற்றும் அட்ரோபின், சுரப்பிகளிலும் இதயத்திலும் உள்ள அசிட்டைல்கோலின் ஏற்பிகளை மறித்து நிற்கிறது. நுரையீரலில் நீர் கோத்தது வற்றும்வரை மருத்துவர் அளவைக் கூட்டிக்கொண்டே போவது அதனால்தான். தசையில் உள்ள ஏற்பி வேறு வகை. அட்ரோபின் அதைத் தொடாது. பிராலிடாக்சைம் என்ற மருந்து நொதியில் ஒட்டிய பாஸ்பேட்டைப் பிடுங்க முயல்கிறது. நேரம் கடந்தால் அந்தப் பிணைப்பு இறுகிவிடும், பிறகு பிடுங்க முடியாது. ‘சீக்கிரம் கொண்டுவந்திருக்க வேண்டும்’ என்று மருத்துவமனையில் சொல்லும் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் வேதியியல் இதுவும்தான். கையுறை, முகமூடி இல்லாமல் காற்றுக்கு எதிராக நின்று மருந்து அடிக்கக் கூடாது, நனைந்த சட்டையை உடனே கழற்றிக் குளிக்க வேண்டும் என்பதைக் காரணத்தோடு வீட்டில் போய்ச் சொல்லும் பிள்ளை, தேர்வில் எடுக்கும் மதிப்பெண்ணைவிடப் பெரிய வேலை செய்கிறது.

பாடத்தை முடிக்கும்போது ஓட்டோ லூவி என்ற மருந்தியல் அறிஞரின் கதையைச் சொல்லலாம். நரம்பு செய்தியைக் கடத்துவது மின்சாரத்தாலா வேதிப்பொருளாலா என்ற சச்சரவு நடந்துகொண்டிருந்த காலம். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் இருந்த லூவி, கனவில் கண்ட சோதனையை அரைத்தூக்கத்தில் கிறுக்கிவைத்து, காலையில் தன் கையெழுத்தையே படிக்க முடியாமல் தவித்து, மறுநாள் இரவு மீண்டும் கனவு வந்ததும் எழுந்து ஆய்வுக்கூடத்துக்கு ஓடியதாகத் தாமே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். செய்தது எளிய சோதனை. ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பை மெதுவாக்கினார், அந்த இதயத்தைச் சூழ்ந்திருந்த நீரை எடுத்து, நரம்பு இல்லாத மற்றொரு தவளை இதயத்தில் விட்டார், அதுவும் மெதுவாகியது. 1921இல் வெளியான இந்த முடிவுக்கு 1936இல் நோபல் பரிசு கிடைத்தது. நீரில் இருந்த அந்தப் பொருள் அசிட்டைல்கோலின்.

உவமை பற்றி ஒரு எச்சரிக்கை. கோவையில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை இல்லாத வீதி குறைவு. நரம்பிழையைச் சுற்றியுள்ள மயலின் என்ற கொழுப்பு உறையை எனாமல் பூசிய செப்புக் கம்பியோடு ஒப்பிட உங்களுக்கும் தோன்றும், பிள்ளைகளும் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். ஒப்பிடுங்கள், ஆனால் அது எங்கே உடைகிறது என்பதையும் அதே வகுப்பில் சொல்லிவிடுங்கள். கம்பியில் மின்னழுத்தம் ஒரு முனையில் ஏறினால் மறுமுனைக்கு ஏறத்தாழ ஒளி வேகத்தில் தெரிந்துவிடும். மயலின் உறையுள்ள மிக வேகமான நரம்பிழையிலும் செய்தி நொடிக்கு 120 மீட்டர் அளவில்தான் போகிறது, ஏனெனில் உறை விட்டுவிட்டு இருக்கும் ரான்வியர் கணு ஒவ்வொன்றிலும் சோடியம் உள்ளே பாய்ந்து செய்தி புதிதாகப் பிறக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் கழுத்திலிருந்து கால் விரல்வரை போனாலும் செய்தி தேய்வதில்லை. உறையே இல்லாத மெல்லிய இழைகளில் வேகம் நொடிக்கு அரை மீட்டர் முதல் இரண்டு மீட்டர். வரப்பில் கால் விரல் கல்லில் இடித்துக்கொண்டவர் எல்லோருக்கும் இதற்குச் சான்று தெரியும்: சுளீரென்ற வலி உடனே வரும், எரிச்சலான இரண்டாவது வலி ஒரு கணம் பொறுத்து வரும். முதலாவது மெல்லிய உறையுள்ள இழைகளில் வருவது, இரண்டாவது உறையில்லாத இழைகளில் வருவது.

உங்கள் தந்தையின் தறிக்கூடமும் ஒரு பாடம்தான். நம் ஒவ்வொரு காதிலும், நத்தை ஓடுபோலச் சுருண்ட உட்செவிப் பகுதியில், ஒலியை உணர ஏறக்குறைய 3,500 உள் மயிர்செல்களும் 12,000 வெளி மயிர்செல்களும் உள்ளன. வாழ்நாள் முழுவதுக்கும் அவ்வளவுதான். பாலூட்டிகளில் இவை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. ஓயாத இரைச்சலில் முதலில் கெடுவது 4,000 ஹெர்ட்ஸ் அளவிலான ஒலிகளைப் பிடிக்கும் பகுதி. மனிதர் பேச்சில் உயிரொலிகள் அதற்குக் கீழேயும், ச, த போன்ற மெய்யொலிகளின் கூர்மை அதையொட்டியும் இருப்பதால், தறிக்காரர்கள் பலர் “சத்தம் கேக்குதுங், என்ன சொல்றீங்கன்னுதான் வெளங்கலீங்” என்பார்கள். அது கவனக்குறைவு அல்ல, செல்களின் இழப்பு. காதடைப்பான் விலை குறைவு. இதையும் வகுப்பில் சொல்லுங்கள், வீட்டிலும் சொல்லுங்கள்.

கண்ணாடிச் சோதனை ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். தாளில் இரட்டைக் கோட்டால் ஒரு நட்சத்திரம் வரைந்து, கையையும் தாளையும் அட்டையால் மறைத்து, எதிரே வைத்த முகம் பார்க்கும் கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு இரண்டு கோட்டுக்கும் நடுவே பென்சிலை ஓட்டச் சொல்லுங்கள். முதல் நாள் பென்சில் எங்கெங்கோ போகும். மூன்றாம் நாள் எல்லோரும் தேறிவிடுவார்கள். 1953இல் அமெரிக்காவில் வலிப்புக்காக மூளையின் இருபுறமும் ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதி நீக்கப்பட்ட ஹென்றி மொலைசன் என்பவருக்கு அதன் பிறகு புதிய நிகழ்ச்சி எதுவும் நினைவில் தங்கவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்கு இந்த நட்சத்திரத்தைக் கொடுத்தபோது, முன்பு இதைச் செய்ததே நினைவில்லை என்று சொல்லிக்கொண்டே நாளுக்கு நாள் திருத்தமாக வரைந்தார். நடந்ததை நினைப்பதும் கை பழகுவதும் மூளையில் வெவ்வேறு ஏற்பாடுகள் என்பது அங்கே தெளிந்தது. நம் ஊர் ஆதாரமும் ஒன்று உண்டு: சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ்.ராமச்சந்திரன், 1990களில் ஒரு பெட்டியையும் கண்ணாடியையும் மட்டும் வைத்து, கை வெட்டப்பட்டவர்கள் இல்லாத கையில் உணரும் வலியை ஆராய்ந்தார். விலையுயர்ந்த கருவி இல்லை என்ற ஏக்கம் தொடக்கத்தில் தேவையில்லை.

நடத்தக் கூடாதவற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் மூளைக்கு இன்று நல்ல சந்தை இருக்கிறது. நாம் மூளையில் பத்து விழுக்காட்டையே பயன்படுத்துகிறோம் என்பது பொய். உடல் எடையில் இரண்டு விழுக்காடே உள்ள மூளை உடலின் ஆற்றலில் ஏறக்குறைய இருபது விழுக்காட்டைத் தின்கிறது, சும்மா கிடக்கும் உறுப்புக்கு அவ்வளவு தீனி எந்த உயிரினத்துக்கும் கட்டுப்படியாகாது. சில ஆண்டுகளுக்கு முன் நம் பக்கத்து நகரங்களிலும் ‘மிட் பிரெய்ன் ஆக்டிவேஷன்’ என்ற பெயரில், கண்ணைக் கட்டிக்கொண்டு பிள்ளைகள் வாசிப்பார்கள் என்று காட்டிப் பெற்றோரிடம் ஆயிரக்கணக்கில் பணம் வாங்கினார்கள். நடுமூளை கண் பாப்பாவைச் சுருக்கும், கண்ணைத் திருப்பும், டோபமைன் செல்களைக் கொண்டிருக்கும். கட்டிய துணிக்குள்ளே அதற்குப் பார்வை கிடையாது. மூக்கோரத்து இடைவெளியை அடைத்துவிட்டு வாசிக்கச் சொன்னால் விவகாரம் அங்கேயே முடிந்துவிடும். இதை நீங்கள் கோபத்தோடு சொல்ல வேண்டியதில்லை, ஒரு சோதனையாகவே செய்து காட்டலாம்.

வலிப்புக்குக் கையில் இரும்புச் சாவி கொடுக்கும் வழக்கத்தை மட்டும் கண்டிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான வலிப்பு ஓரிரண்டு நிமிடங்களில் தானே நின்றுவிடும். சாவி தேடிக் கொண்டுவர அவ்வளவு நேரம் ஆகும். ஆகவே சாவிதான் நிறுத்தியது என்று தோன்றுகிறது. சாவி கொடுக்காத வலிப்பும் அதே நேரத்தில் நிற்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. பார்க்கச் சொல்லிக் கேட்பதே அறிவியல் பாடம். கூடவே செய்ய வேண்டியதையும் சொல்லுங்கள்: ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கைகால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்சை அழையுங்கள்.

இனி உங்கள் முதல் கேள்வி. விலங்கியல் இந்தத் துறைக்கு நல்ல வாசல். அதில் வருபவர்களுக்குக் குறைவது கணிதமும் இயற்பியலும். இதைத் தள்ளிப்போட வேண்டாம். செல்லுக்குள் பொட்டாசியம் 140 மில்லிமோலார், வெளியே 5 என்றால், உடல் வெப்பநிலையில் அதன் சமநிலை மின்னழுத்தம் என்ன என்று நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள். 5ஐ 140ஆல் வகுத்து மடக்கை எடுத்தால் கழித்தல் 1.447, 61.5ஆல் பெருக்கினால் கழித்தல் 89 மில்லிவோல்ட். நியூரானின் ஓய்வு மின்னழுத்தம் ஏன் அதற்கு அருகில் இருக்கிறது, ஏன் சரியாக அதே இல்லை என்பதை நீங்களே எழுதிப் பார்த்துவிட்டால் பாதிப் பாடநூல் திறந்துகொள்ளும். அதன் பிறகு, கணவாய் மீனின் பருத்த நரம்பிழையை வைத்து ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952இல் நரம்புத் துடிப்பை விளக்க எழுதிய சமன்பாடுகளைப் பைத்தான் நிரலில் ஓட்டிப் பழகுங்கள். என்பிடெல் தளத்தில் இலவசப் பாடங்கள் உண்டு. பக்கத்துப் பொறியியல் கல்லூரி மாணவர் யாராவது ஒரு சிறு பெருக்கிச் சுற்று கட்டித் தந்தால், கரப்பான் பூச்சியின் காலில் உள்ள முள்ளைத் தொடும்போதெல்லாம் நரம்புத் துடிப்பு ஒலிபெருக்கியில் படபடவென்று கேட்பதை நீங்களே கேட்கலாம்.

மேற்படிப்புக்குப் பெங்களூரு நமக்கு ஓர் இரவுப் பயணம்தான். அங்கே இந்திய அறிவியல் கழகத்தின் நரம்பறிவியல் மையம், தேசிய உயிரியல் அறிவியல் மையம், மனநலம், நரம்பியலுக்கான நிம்ஹான்ஸ் நிறுவனம் மூன்றும் இருக்கின்றன. அரியானாவின் மானேசரில் தேசிய மூளை ஆராய்ச்சி மையம் உள்ளது. சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவளர்ச்சிப் பருவத்து மனித மூளைகளை 5,132 மெல்லிய வெட்டுகளாகப் படமெடுத்து ‘தாரணி’ என்ற பெயரில் 2024 டிசம்பரில் உலகுக்கு இலவசமாக வெளியிட்டது. அந்தப் படங்களை உங்கள் கைபேசியிலேயே பார்த்து, உங்கள் ஆட்டு மூளைப் படத்தோடு ஒப்பிடலாம். இந்திய அறிவியல் கழகத்தின் ஒருங்கிணைந்த முனைவர் பட்டத்துக்கு இளங்கலை முடித்தவர்கள், ஐஐடிகள் முதுகலைச் சேர்க்கைக்கு நடத்தும் ஜாம் தேர்வு வழியாகப் போகலாம். தேசிய உயிரியல் அறிவியல் மையம் தனித் தேர்வு நடத்துகிறது. நாட்டின் மூன்று அறிவியல் அகாதமிகளும் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வு உதவித்தொகைக்கு முதலில் விண்ணப்பியுங்கள். இரண்டு மாதம் ஓர் ஆய்வுக்கூடத்தில் நின்று பார்த்தால், உங்கள் ஆசை மூளையைப் பற்றிக் கேட்பதில் மட்டுமா, நாள் முழுவதும் ஒரு செல்லின் பதிவை எடுக்கத் தவிக்கும் வேலையிலும் உண்டா என்பது தெரிந்துவிடும். இரண்டாவது இல்லையென்றால் குற்றமில்லை. நல்ல ஆசிரியராக அதுவே போதும்.

தந்தையிடம் பேசும்போது இரண்டு விவரங்களைச் சொல்லுங்கள். நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுபவர்களுக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கிறது. ஆகவே முனைவர் பட்டப் படிப்பு வீட்டுக்கு முழுச் செலவு அல்ல. தமிழக அரசு மேல்நிலைப் பள்ளிகளில் முதுகலை ஆசிரியர் பணிக்கு முதுகலைப் பட்டமும் பி.எட்.டும் சேர்ந்து வேண்டும், ஆகவே எம்.எஸ்சி. படிப்பது அவர் காட்டும் வழியை விட்டு விலகுவதும் அல்ல. பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பு, அதை எம்.எஸ்சி.க்குப் பிறகும் முடிக்கலாம். ஜாம் தேர்வு பிப்ரவரியில் நடக்கும், விண்ணப்பம் அதற்கு முந்தைய செப்டம்பரில் தொடங்கும். உங்களுக்கு அது மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில் வருகிறது. கணிதம் படிக்க, இடையில் வரும் கோடை விடுமுறை போதும்.